தங்கச்சியின் சிவப்பு ஊசி

என் தங்கச்சிக்கு வருத்தம் முதலில் நாக்கில்தான் தெரிந்தது. சொரசொரப்பெல்லாம் போய், நாக்கு வழவழவென்று பச்சை இறைச்சி நிறத்தில் இருந்தது. புளி பட்டாலும் எரிந்தது, உறைப்புப் பட்டாலும் எரிந்தது. அவளுக்கு ஆறு வயது, எனக்கு எட்டு. அம்மா அவளுக்கென்று தனியாகச் சோறு குழைத்து, பால் விட்டு, ஊதி ஆறவைத்து, ஒரு வாய் தின்னச் சொல்லிக் கெஞ்சுவா. மேசையின் மறுபக்கத்தில் நான் என் சோற்றை நானே குழைத்துத் தின்றபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கும் நாக்கு எரிகிறது என்று ஒருநாள் சொன்னேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சொதி விட்டுத் தின்," என்றா.

நாங்கள் அப்போது கொட்டாஞ்சேனையில், கோயிலுக்குப் பின்னால் போகிற ஒழுங்கையில், ஒரு சிங்கள வீட்டுக்காரரின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா துறைமுகத்தில், கப்பலில் வரும் சாமான்களை எடுத்துக்கொடுக்கும் கம்பெனி ஒன்றில் கிளார்க். அம்மா யாழ்ப்பாணத்தில் பிறந்து, கல்யாணம் முடித்து கொழும்புக்கு வந்தவ. நான் தலைப்பிள்ளை என்பதால் பிள்ளைப்பேற்றுக்கு ஊருக்குப் போய் என்னை அங்கே பெற்றா. தங்கச்சி பிறக்கும்போது சண்டை தொடங்கிவிட்டது, ரயில் ஒழுங்காக ஓடவில்லை. அதனால் அவள் கொழும்பில் பிறந்தாள்.

ஒரு காலை பள்ளிக்கூடத்தில், எல்லோரும் வரிசையாக நின்று செபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, தங்கச்சி மயங்கி விழுந்தாள். சிஸ்டர் ஒருவர் அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் பின்னால் இரண்டு பேருடைய புத்தகப் பையையும் சுமந்துகொண்டு வந்தேன். அவளுடைய முகம் மெழுகுதிரி நிறத்தில் இருந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தம் பாதிக்கும் குறைவு என்றார்கள். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார்கள். மீன், முட்டை, ஈரல், பால் எல்லாம் கொடுக்கிறோம் என்று அம்மா அழுதுகொண்டே சொன்னா. சாப்பாட்டில் குறையில்லை, சாப்பாட்டிலிருக்கும் ஒரு விற்றமினை அவளுடைய உடம்பு எடுத்துக்கொள்ளவில்லை என்பதைக் கண்டுபிடிக்க டொக்டர்மாருக்கு நாள் பிடித்தது. வாயால் கொடுத்துப் பயனில்லை, ஊசியால்தான் ஏற்ற வேண்டும் என்றார்கள்.

அந்த ஊசி மருந்து சிவப்பு. நான் அதுவரை பார்த்த மருந்துகள் வெள்ளை அல்லது மஞ்சள். இது சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள், வெளிச்சத்தில் பிடித்தால் மாதுளம்பழச் சாறு மாதிரி மின்னியது. முதலில் தினமும் போட்டார்கள். ஒரு கிழமைக்குள் தங்கச்சி கட்டிலில் எழும்பி உட்கார்ந்து பசிக்கிறது என்றாள். வார்டிலிருந்த சிங்களப் பெண்கள் அவளுக்கு பிஸ்கட் கொடுத்தார்கள், பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தபோது அவளுடைய சிங்களம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. ஒழுங்கையிலிருந்த எல்லோரும் வந்து பார்த்தார்கள். கொச்சிக்கடைக் கோயிலில் அம்மா நேர்த்தி வைத்திருந்ததால் செவ்வாய்க்கிழமை போய் மெழுகுதிரி கொளுத்தினோம். எனக்காக யாரும் எப்போதும் நேர்த்தி வைத்ததில்லை என்பதை நான் அந்த மெழுகுதிரிக்கு முன்னால் நின்றபடிதான் யோசித்தேன்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு ஊசி, வாழ்நாள் முழுக்க. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்த ஒரு பாமசியில்தான் அந்த மருந்து எப்போதும் இருக்கும். பக்கத்துக் கட்டடத்தில் டிஸ்பென்சரி வைத்திருந்த வயதான தமிழ் டொக்டர் ஊசியைப் போட்டுவிடுவார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அம்மாவும் தங்கச்சியும் வெளிக்கிட்டு பஸ் ஏறுவார்கள். பின்னேரம் திரும்பி வரும்போது தங்கச்சியின் சட்டையில் கடல் மணக்கும். ஊசி போட்ட பிறகு தண்டவாளத்தைத் தாண்டிக் கடற்கரைக்குப் போவார்களாம், அங்கே அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மணலில் இருப்பாவாம். அம்மா மணலில் இருப்பதை நான் கண்டதேயில்லை. "நானும் வரட்டோ?" என்று கேட்டால், "நீ என்னத்துக்கு? உனக்கு ஒண்டும் இல்லைத்தானே," என்பா.

உனக்கு ஒன்றும் இல்லைத்தானே. அந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டே நான் வளர்ந்தேன்.

தங்கச்சி தேறி வந்த பிறகு இன்னொன்று வந்தது. அவளுடைய சிறுநீரில் புரதம் போகிறது என்று ஒரு சோதனையில் கண்டார்கள். ரத்தம் ஏறிய பிறகும் அது நிற்கவில்லை. அப்பாவின் கம்பெனி முதலாளிக்குத் தெரிந்த பெரிய டொக்டர் ஒருவரிடம் காட்டினோம். அவர் தாள்களைப் பார்த்துவிட்டு, சிறுநீரகம் ஒழுகுகிறது, இப்போதைக்கு உப்பைக் குறையுங்கள், ஓட விடாதீர்கள் என்றார். இப்போதைக்கு என்று அவர் சொன்னதை அப்பா கேட்டார். அம்மா கேட்டது உப்பு என்பதை மட்டும்தான். அன்றிலிருந்து எங்கள் அடுப்பில் இரண்டு சட்டி. பெரிய சட்டியில் எங்களுக்கு, சின்ன மண்சட்டியில் உப்பில்லாமல் தங்கச்சிக்கு. அவள் தண்ணீர் தூக்கக் கூடாது, படியேறி இறங்கக் கூடாது, பள்ளிக்கூடத்தில் விளையாடக் கூடாது. கீழே குழாயில் தண்ணீர் வரும் நேரம் வாளியோடு போவது நான். கடைக்குப் போவது நான். தங்கச்சி மேல்மாடி ஜன்னலில் தாடையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அவளை அங்கிருந்து இழுத்துக் கீழே விழுத்த வேண்டும் போலிருக்கும்.

அடிக்கடி சோதனைக்குப் போய்வரக் கட்டுப்படியாகாது என்று அப்பா வீட்டிலேயே பார்க்கப் பழகினார். ஒரு சோதனைக் குழாயில் சிறுநீரை எடுத்து, ஸ்பிரிட் விளக்கில் மேல்பக்கத்தைக் காட்டிச் சூடாக்க வேண்டும். புரதம் இருந்தால் முட்டை வெள்ளை அவிவது மாதிரி வெளுத்துக் கலங்கும். கலங்கியது அப்படியே நிற்கிறதா என்று பார்க்க இரண்டு சொட்டு வினாகிரி விடுவார். தங்கச்சியின் குழாய் ஒவ்வொரு முறையும் வெளுத்தது. அம்மா கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்து நிற்பா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, எங்கள் எல்லோரையும் பார்க்கலாமே என்றார். அவருடையது தெளிவாக இருந்தது. அம்மாவுடையதும் அப்படித்தான். கடைசியாக என்னுடைய குழாயை விளக்கில் பிடித்தார். அது கொதித்து மேலே வந்தபோது நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். வெளுக்க வேண்டும், ஆண்டவரே, கொஞ்சமாவது வெளுக்க வேண்டும் என்று மன்றாடினேன். அது பச்சைத் தண்ணீர் மாதிரிக் கொதித்தது. அப்பா சந்தோசமாக என் தலையைத் தடவினார். "இவளுக்கு ஒண்டும் இல்லை," என்று அம்மா சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனா. 

தங்கச்சி என் பக்கத்தில் வந்து நின்றாள். "உனக்கும் வந்திருந்தா நல்லம் அக்கா. ரெண்டு பேரும் வெள்ளவத்தைக்குப் போயிருக்கலாம்," என்றாள். அவள் அதை உண்மையாகத்தான் சொன்னாள். அதனால்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அன்றைக்கு முழுக்க அவளோடு கதைக்கவில்லை.

அவளுக்கு, யாருக்கும் சண்டை பிடிக்க மனம் வராத ஒரு முகம் வாய்த்திருந்தது. கடைக்காரர் அவளைக் கண்டால் டொபி கொடுப்பார். வீட்டுக்காரரின் மனைவி தன் வீட்டு ரம்புட்டான் பழங்களில் நல்லதாகப் பொறுக்கி அவளுக்கென்று மேலே அனுப்புவா. அவளுக்கு வருத்தம் என்பதைத் தவிர நான் அறிந்த வேறு காரணம் எதுவும் இல்லை. எனக்கு மிஞ்சியது அப்பா. ஞாயிறு பூசை முடிந்த பிறகு அவர் என்னைக் கூட்டிக்கொண்டு துறைமுகப் பக்கம் நடப்பார். எந்தக் கப்பல் எந்த நாட்டுக் கொடியோடு வந்திருக்கிறது, அதில் என்ன சாமான் என்று சொல்லுவார். எனக்கு அது ஆறுதல் பரிசு மாதிரித்தான் பட்டது. என் மனமெல்லாம் வெள்ளவத்தை மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு இருக்கும் அம்மாவிடம் இருந்தது.

எனக்குப் பதினாறு நடந்தபோது, அடையாள அட்டை கிடைத்துக் கொஞ்ச நாளில், ஒரு மாதம் ஊசி நாளில் அம்மா காய்ச்சலாகப் படுத்துவிட்டா. அந்தக் காலத்தில் மருந்துத் தட்டுப்பாடு வரும் போலிருந்ததால் அப்பா ஊசி மருந்தை முன்கூட்டியே வாங்கி வீட்டில் வைத்திருந்தார். அப்பாவுக்குக் கப்பல் வேலை, லீவு எடுக்க முடியாது. "நீ கூட்டிக்கொண்டு போ," என்று அம்மா என்னிடம் சொன்னா. பையில் குப்பியும் சிரிஞ்சும் ஒரு போத்தல் சுடுதண்ணீரும் வைத்துத் தந்தா. வாசல் வரை வந்து, "அவளை வெயிலில நிக்க விடாதே," என்றா.

நகரத்தில் குண்டு வெடித்து இரண்டு கிழமை ஆகியிருந்தது. கொள்ளுப்பிட்டியைத் தாண்டுவதற்கு முன் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். பெண்களைச் சோதித்த இராணுவப் பெண் என் பையைத் திறந்து சிரிஞ்சை வெளியே எடுத்தா. பிறகு சிவப்புக் குப்பியை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தா. இது என்ன என்று கேட்டா. எனக்குச் சிங்களம் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. பக்கத்தில் துவக்கோடு நின்ற ஒருவன் கிட்ட வந்தான்.

"அய்யே, ஏக்க மகே பெஹெத்," என்றாள் தங்கச்சி. அண்ணா, அது என்னுடைய மருந்து என்று. தனக்கு ரத்தம் போதாது, மாதம் மாதம் இதைப் போடாவிட்டால் மயங்கி விழுந்துவிடுவேன் என்று ஆஸ்பத்திரி வார்டில் பழகிய அதே சிங்களத்தில், மூச்சு விடாமல் சொன்னாள். அவன் அவளுடைய முகத்தைப் பார்த்தான். "நங்கி," என்று அவனும் அவளைத் தங்கச்சியாக்கி, "அந்த நிழலில் போய் உட்கார்," என்று சொல்லித் தன்னுடைய தண்ணீர்ப் போத்தலை நீட்டினான்.

பிறகு என்னுடைய அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள். பின்பக்கத்தில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. அவ்வளவுதான். என்னைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டு போக வேண்டும் என்றார்கள். தங்கச்சியிடம் அட்டையே இல்லை, அவள் சின்னப் பிள்ளை. இருந்திருந்தாலும் அதில் கொழும்பு என்றுதான் இருந்திருக்கும். ஜீப்பில் ஏறும்போதுகூட எனக்குப் பயத்தைவிட அதுதான் பெரிதாக இருந்தது. ஒரே தாய், ஒரே தகப்பன். அவளுக்கு நிழலும் தண்ணீரும், எனக்கு ஜீப்.

அவளைப் போகச் சொன்னார்கள். அவள் போகவில்லை. "அக்காவோட வாறன்," என்று தானாகவே ஜீப்பில் ஏறினாள். பொலிஸ் நிலையத்தில் என்னை உள்ளே ஒரு அறையில் வைத்து, எங்கே பிறந்தாய், ஏன் அங்கே பிறந்தாய், கடைசியாக எப்போது போனாய் என்று திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். கதவிடுக்கால் பார்த்தால் வெளியே வாங்கில் அவளுடைய கால்கள் தெரியும். பயந்தால் ஆட்டுவது மாதிரி காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அங்கேயிருந்த ஒரு சார்ஜன்ட்டிடம் கெஞ்சி அப்பாவின் கம்பெனிக்கு டெலிபோன் எடுப்பித்ததும் அவள்தான். மாலையில் அப்பா, எங்கள் குடும்பத்தைப் பொலிஸில் பதிந்த துண்டை எடுத்துக்கொண்டு, வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்து என்னை வெளியே எடுத்தார். 

வீட்டுப் படியேறினோம். அம்மா போர்வையோடு வாசலில் நின்றா. எங்கள் இரண்டு பேரையும் பார்த்தா. பிறகு கேட்டா: "ஊசி போட்டதோ?"

"இல்லையம்மா, நேரம் போயிட்டுது," என்றாள் தங்கச்சி.

அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டா. நான் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "உன்னை அடிச்சவங்களோ?"

"இல்லை."

"அப்ப ஒண்டும் இல்லைத்தானே."

திங்கட்கிழமை காய்ச்சலோடு அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனா. அப்பா அன்று காலை வேலைக்குப் போகப் பிந்தினார். என்னோடு மேசையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "கொஞ்ச நாளைக்கு வெளியில போகேக்க என்னோட வா," என்று மட்டும் சொன்னார்.

நான் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தேன். தங்கச்சி ஏஎல் சோதனை எடுத்துப் பள்ளிக்கூடம் முடித்த பிறகு ஒரு வங்கியில் பயிற்சிக்குத் தெரிவானாள். வங்கியின் மருத்துவப் பரிசோதனையில் பழைய புரதம் மறுபடி எழும்பியது. ஒரு விசேட டொக்டரின் கடிதம் வேண்டும் என்றார்கள். வெள்ளவத்தை டிஸ்பென்சரி டொக்டர், இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்த ஒரு பெண் டொக்டர் பக்கத்துத் தெருவில் சனிக்கிழமைகளில் பார்க்கிறா, அவவிடம் போங்கள் என்றார். சண்டை ஓய்ந்து பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த காலம் அது. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். இந்த முறை நானும் போனேன். ஆங்கிலத்தில் ஏதும் சொன்னால் விளங்கப்படுத்த நான் வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார்.

அந்த டொக்டர் அப்பாவைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவ. தாள்களையெல்லாம் பழசிலிருந்து புதுசு வரை வாசித்தா. அம்மாவிடம் கேட்டா.

"ரெண்டு வருத்தம் எண்டு ஆர் சொன்னது?"

"ஒண்டு ரத்தம். மற்றது கிட்னி," என்றா அம்மா.

"நீங்களும் உங்கட அவரும் சொந்தமா?"

அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்தா. "ஓம். மாமான்ட மகன். கோயில்ல மேற்றிராணியாரிட்ட அனுமதி எடுத்துத்தான் கட்டினது."

டொக்டர் சிரிக்கவில்லை. தாளை மூடி வைத்தா. "இது ஒரே வருத்தம்தான் அம்மா. சாப்பாட்டில வாற அந்த விற்றமின் சிறுகுடல்ட கடைசிப் பகுதிக்கு வரேக்க, அங்க இருக்கிற கலங்களின்ட மேல்பக்கத்தில ஒரு புரதம் இருந்து அதைப் பிடிக்கும். பிடிச்ச உடன அந்த இடம் உள்ளுக்குக் குழிஞ்சு, ஒரு சின்னப் பை மாதிரி மூடி, அதைக் கலத்துக்குள்ள இழுத்துக்கொள்ளும். உங்கட மகளுக்குப் பிடிக்கிற அந்தப் புரதம் சரியா இல்லை. அதால விற்றமின் உள்ளுக்குப் போகாமல் அப்பிடியே கழிஞ்சு போகுது."

"அதுக்கும் கிட்னிக்கும் என்ன?"

"அதே புரதம்தான் கிட்னியிலயும் இருக்கு. அங்க அதுக்கு வேற வேலை. சிறுநீரோட தப்பிப் போகப் பாக்கிற புரதங்களைப் பிடிச்சுத் திரும்ப உள்ளுக்கு எடுக்கும். இவவுக்கு அது பிடிக்காது. அதால கொஞ்சம் வெளியில போகுது. கிட்னி பழுதாகி ஒழுகேல்லை."

நான் வாய் திறந்தேன். "உடம்பில எல்லாக் கலத்திலயும் ஒரே ஜீன்தானே இருக்கு. மற்ற இடங்களில ஏன் பிழை வரேல்லை?"

அவ முதல் முறையாக என்னைப் பார்த்தா. "என்ன படிக்கிறீங்க?"

"விலங்கியல்."

"நல்ல கேள்வி. ஜீன் எல்லா இடத்திலயும் இருக்கு. ஆனா தசை அந்தப் புரதத்தைச் செய்யாது, இருதயம் செய்யாது. முக்கியமா இந்த ரெண்டு இடம்தான் அதைச் செய்து பாவிக்குது. செய்யாத இடத்தில ஜீன் பிழையா இருந்தென்ன, சரியா இருந்தென்ன? அதாலதான் இவவுக்கு இந்த ரெண்டு இடத்தில மட்டும் குறை. மற்றதெல்லாம் நல்ல சுகம்." பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினா. "ஊசியை மட்டும் ஒருநாளும் விடக் கூடாது. சிறுநீரை வருசத்துக்கு ஒருக்காப் பாத்தாப் போதும். உப்புச் சாப்பிடலாம். ஓடலாம். வேலைக்குப் போகலாம். நான் கடிதம் தாறன்."

"அக்காவுக்கு?" என்று தங்கச்சி கேட்டாள்.

"அவவுக்கு ஒண்டும் இல்லை," என்றா அம்மா, டொக்டர் வாய் திறக்கும் முன்னமே.

"ஒண்டும் இல்லையெண்டு சொல்லேலாது," என்றா டொக்டர். "தாய் தகப்பன் ரெண்டு பேரிட்டயும் ஒவ்வொரு பழுதான பிரதி இருக்கும். இவவுக்கு ரெண்டும் வந்திட்டுது. அக்காவிட்ட ஒண்டு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒண்டு மட்டும் இருந்தா வெளியில தெரியாது."

வெளியே வந்து காலி வீதியில் நின்றோம். அம்மா நடக்காமல் நின்றா. "அப்ப நான் இவ்வளவு காலமும் வேற சட்டியில சமைச்சது?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டா. அம்மா ஊசி மருந்து வாங்கப் பாமசிக்குள் போனா. தங்கச்சி நேரே தெருவோரத்திலிருந்த வண்டிலுக்குப் போய், உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் குலுக்கிய அம்பரல்லாக் காய் அச்சாறு ஒரு பை வாங்கினாள். அங்கேயே நின்று தின்றாள். கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் ஓடியது. அது உறைப்பாலா வேறெதாலா என்று நான் கேட்கவில்லை.

இரண்டு பேரும் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் பையிலிருந்த கடைசித் துண்டையும் தின்று விரலைச் சூப்பினாள்.

"உன்னில எனக்கு எவ்வளவு எரிச்சல் தெரியுமே அக்கா," என்றாள்.

"என்னிலயோ?"

"நீ வாளியோட கீழ போய்ப் பெட்டைகளோட கதைச்சுக்கொண்டு நிப்பாய். நான் ஜன்னலால பாப்பன். ஞாயிற்றுக்கிழமை அப்பா உன்னைத்தான் கப்பல் பாக்கக் கூட்டிக்கொண்டு போவார். வந்து கொடியின்ட நிறமெல்லாம் சொல்லுவாய். எனக்கு உன்னைப் பிடிச்சுக் கடிக்க வேணும் போல இருக்கும். ஒருநாள் உன்ர சோத்தில ஒரு வாய் களவாத் திண்டு பாத்தன். உப்புக்கு என்ன ருசி எண்டு அண்டைக்குத்தான் தெரிஞ்சுது."

ஒரு நல்ல அக்கா அந்த இடத்தில் அவளைக் கட்டிப் பிடித்திருப்பாள். எனக்கு வந்தது வேறு. அவளுக்கு எல்லாமே கிடைத்தது, நோய், அம்மா, வார்டுப் பெண்களின் பிஸ்கட், இராணுவத்தானின் தண்ணீர்ப் போத்தல். இவ்வளவு காலமும் எனக்கென்று தனியாக இருந்தது இந்தப் பொறாமை ஒன்றுதான். அதையும் எனக்கென்று விட்டு வைக்கமாட்டாளா என்றுதான் நினைத்தேன். "அலை காலில படப் போகுது, பின்னுக்கு வா," என்று சொன்னேன்.

வீட்டில் மண்சட்டி உடனே போகவில்லை. சில கிழமைகளுக்கு அம்மா பழக்கத்தில் அதையும் அடுப்பில் ஏற்றுவா, பிறகு யோசித்துவிட்டு இறக்குவா. தங்கச்சிக்கு இப்போது என்ன செய்து கொடுப்பது என்று அவவுக்குத் தெரியவில்லை. அவள் காலையில் வங்கிக்குப் போனாள், பின்னேரம் களைத்து வந்தாள், எல்லோரும் சாப்பிடும் கறியைச் சாப்பிட்டாள். வெள்ளவத்தைக்குத் தானே தனியாகப் போய் வந்தாள். அம்மா சில சனிக்கிழமைகளில் காரணமில்லாமல் என்னோடு சண்டை பிடித்தா.

சண்டை திரும்பவும் தொடங்கிய வருடம் அவளுக்கு கனடாவிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையிடம் அவள் எல்லாவற்றையும் முதல் டெலிபோனிலேயே சொல்லிவிட்டாள். அவர் அது பெரிய விசயமில்லை என்றாராம். எனக்கு அப்போது இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. எனக்கு வந்த இரண்டு சம்பந்தங்களும் ஏதோ சில்லறைக் காரணங்களால் தட்டிப் போயிருந்தன. கொட்டாஞ்சேனையிலேயே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அவளுடைய கூறைச் சேலையை மடித்து வைத்தது நான்தான். மடிப்பு மடிப்பாக, ஒரு சுருக்கம் விழாமல் மடித்தேன். 

அங்கே போனால் யார் ஊசி போடுவது என்று அம்மாவுக்குக் கவலை. தானும் கூடப் போய்க் கொஞ்ச காலம் இருக்கலாம் என்று அப்பாவிடம் கதைக்கத் தொடங்கினா. தங்கச்சி டிஸ்பென்சரி டொக்டரிடம் போய்த் தானே போடப் பழகினாள். முதலில் தோடம்பழத்தில் குத்திப் பழகி, பிறகு தன் தொடையில். எங்கள் அறையில் கட்டிலில் இருந்து உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் குத்தியதை நான் பார்த்தேன். பஞ்சை வைத்து அமத்திக்கொண்டு சொன்னாள்: "அம்மா வர வேண்டாம் எண்டு சொல்லிட்டன். அம்மா உன்னோட இருக்கட்டும்."

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் கொடுப்பவள் அவள், வாங்குபவள் நான். என் சொந்த அம்மாவையே அவள் கொடுத்துத்தான் நான் வாங்க வேண்டியிருந்தது. "அவவின்ட விருப்பம்," என்றேன்.

அவள் போய் சில மாதங்களில் ஒருநாள் டெலிபோனில் சிரித்துக்கொண்டு கதைத்தாள். அங்கே ஒரு டொக்டர் அவளுடைய கதையைக் கேட்டுவிட்டு மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாராம். அந்தப் புரதத்தை ஆராய்கிற ஆட்களாம். குடும்பத்தில் மற்ற எல்லோருடைய ரத்தமும் வேண்டுமாம், ஒரு தடித்த தாளில் சில சொட்டு வைத்து அனுப்பினால் போதுமாம். "என்னைப் பற்றி எழுதப் போகினமாம் அக்கா," என்றாள். சிறுநீரகத்தை ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் வரைந்து படிப்பிப்பவள் நான். நான் வரைகிற அந்தக் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று சொல்லப் போவது அவளுடைய உடம்பு. "நல்லது," என்று சொல்லி அப்பாவிடம் ரிசீவரைக் கொடுத்தேன்.

தாள்கள் வந்தன. அப்பா விரலை நீட்டித் தன்னுடையதை முடித்தார். அம்மாவும் முடித்தா. நான் இரண்டு கிழமை அதைத் தொடவில்லை. பாடசாலைச் சோதனைத் தாள் திருத்த வேண்டும் என்றேன். ஒரு பின்னேரம் அம்மா தானாகவே ஊசியையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தா. "தா," என்றா. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தா. நடுவிரலைப் பிடித்து, நுனிக்கு ரத்தம் வரும் வரை மெல்ல மெல்ல நீவினா. அவ்வளவு வருடம் தங்கச்சியின் ஊசிகளுக்குப் பக்கத்தில் இருந்து பழகிய கை. குத்தியதே தெரியவில்லை. ஒவ்வொரு சொட்டாகத் தாளில் ஒற்றினா.

"எவ்வளவு வடிவான சிவப்பு," என்றா. "அவளுக்கு அந்த நேரம் எடுத்தா, தண்ணி மாதிரி இருக்கும்."

அங்கேயும் அவள் வந்துவிட்டாள். அம்மா விரலில் பஞ்சை வைத்து அமத்தினா. ரத்தம் நின்ற பிறகும் விடவில்லை, என் கையை மடியில் வைத்தபடியே ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தா. கீழே யாரோ குழாயைத் திறந்து வாளியை வைக்கும் சத்தம் கேட்டது. நான் கையை இழுக்கவில்லை.

அந்தத் தாளுக்கு முடிவு வரவில்லை. அந்த டொக்டர் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டாராம்.